புகார்ப் பெட்டி வெச்சாச்சு, அதுல எழுதவே மாட்டாத பிள்ளைங்களுக்கு என்ன பண்றது? ஒரு அரசுப்பள்ளி டீச்சரோட அனுபவம்

நான் மதுரைப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப்பள்ளியில கணக்கு டீச்சர். எந்த ஸ்கூல்னு சொல்ல மாட்டேன், பிள்ளைங்களை யாரும் கண்டுபிடிச்சிடக் கூடாதுன்னு அங்கங்க சில விவரத்தையும் மாத்தியிருக்கேன். எங்க ஸ்கூல்ல மாணவர் பாதுகாப்புக் குழுவுல கொஞ்ச வருஷமா நான் இருக்கேன், ஹெச்எம் தலைவர், ரெண்டு மூணு டீச்சர்ஸ், பெத்தவங்க சைடுல ஆளுங்க, அப்படி ஒரு குழு. 2021ல சென்னையில ஒரு பள்ளி விவகாரம் பெருசா வெடிச்சதுக்கப்புறம் எல்லாப் பள்ளியிலயும் இந்தக் குழு இருக்கணும்னு அரசு சொன்னது, அதுக்கப்புறம் ‘மாணவர் மனசு’ன்னு பெட்டி வந்துச்சு, வாசல்ல பள்ளிக்கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098 ரெண்டையும் பெயின்ட்ல எழுதியாச்சு. சிபிஎஸ்இ பள்ளிகளுக்கு இதுக்கு முன்னாடியே, 2015லயே, கேலி கொடுமையைத் தடுக்கக் குழு போடச் சொல்லி சர்க்குலர் போயிருக்கு, அதுல டாக்டர், கவுன்சிலர், பெற்றோர் பிரதிநிதி, பிள்ளைங்களே கூட இருக்கணும்னு இருக்கு. அதனால விதி இல்லன்னு யாரும் சொல்ல முடியாது. விதி நிறையவே இருக்கு.

ஆனா இந்த விதி எல்லாமே ஒரு பிள்ளை வந்து சொல்லும்னு எதிர்பார்த்து எழுதுனது. சொல்லுற பிள்ளைய பெரும்பாலும் யாரும் ரொம்ப நாள் சீண்ட மாட்டாங்க, அது திருப்பிக் குடுத்துரும், இல்ல அதோட அண்ணன் பத்தாம் கிளாஸ்ல இருப்பான். மாட்டிக்கிறது வாய் பேச வராதது, எழுத வராதது, வீட்ல சொன்னா அப்பா அம்மாவே பயந்து ஸ்கூலை விட்டு நிறுத்திருவாங்கன்னு தெரிஞ்சு வெச்சிருக்கிறது. அதுங்க பெட்டி கிட்டயே வராது. ஸ்கூல்தான் அதுங்களைத் தேடிப் போகணும், எப்படித் தேடுறதுன்னு எந்த சர்க்குலர்லயும் விளக்கமா இல்ல, அதத்தான் இங்க எழுதப் போறேன்.

முதல்ல பெட்டிய பத்தி. எங்க பெட்டிய ஹெச்எம் ரூம் வாசல்ல மாட்டியிருந்தாங்க, பக்கத்துல ஸ்டாஃப் ரூம், எதிர்ல தண்ணிக் குழாய். இன்டர்வெல்ல அங்க எப்பவும் கூட்டம். யாராவது ஒரு பேப்பர மடிச்சுப் போட்டா அடுத்த நிமிஷம் “என்னடா போட்டுக் குடுத்தியா”ன்னு கேள்வி வந்துரும். அதனால திறந்து பாத்தா என்ன இருக்கும்னா, பாத்ரூம்ல தண்ணி வரல, பிஇடி பீரியட எப்பப் பாத்தாலும் கணக்கு டீச்சர் எடுத்துக்கிறாங்க (அது நான்தான்), முட்டை ஓடு சரியா உரிக்கல, இன்னும் ரெண்டு லவ் லெட்டர். இதெல்லாம் படிச்சிட்டு ‘கேலி சம்பந்தமா புகார் எதுவும் இல்லை’ன்னு ரெஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா மேல இருந்து யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. புகாரே வரலன்னா ஸ்கூல் நல்லா இருக்குன்னு அர்த்தம்னு எடுத்துக்கிறாங்க பாருங்க, அங்கதான் கோளாறு.

அதுக்கு நாங்க பண்ணது சின்ன மாத்தம்தான். வாரத்துக்கு ஒரு நாள் கடைசி பீரியட்ல எல்லாருக்கும், எல்லாருக்குமே, ஒரு துண்டுச் சீட்டு. எழுத ஒண்ணும் இல்லன்னா ‘ஒண்ணுமில்ல’ன்னாவது எழுதணும், சும்மா குடுக்கக் கூடாது. எல்லாரும் எழுதுறப்போ எவன் எழுதுனான்னு பாக்க முடியாது இல்லியா. சீட்ட அந்தக் கிளாஸ் டீச்சர் வாங்க மாட்டாங்க, வேற கிளாஸ் டீச்சர் வந்து பையில வாங்கிட்டுப் போவாங்க, ஏன்னா சில நேரம் புகாரே கிளாஸ் டீச்சர் மேலதான். எழுத வராத பிள்ளைங்களுக்கு, ஒவ்வொரு கிளாஸ்லயும் அஞ்சாறு பேராவது இருப்பாங்க, வட்டார வள மையத்துல இருந்து வர்ற சிறப்பாசிரியர் வாய்மொழியா கேட்டு எழுதுவாங்க, அவங்க வராத நாள்ல சத்துணவு அக்கா. நிஜமாத்தான் சொல்றேன், பிள்ளைங்க எந்த டீச்சர்கிட்டயும் சொல்லாதத அந்த அக்காகிட்ட சொல்லிருவாங்க, யார் தட்ட யார் தட்டி விட்டான், யார் யார்கூட உக்காந்து சாப்பிட மாட்டேங்குறான், எல்லாம் அவங்களுக்குத் தெரியும். ஆனா எந்தக் குழுவுலயும் அவங்கள சேக்குறது இல்ல. நாங்க கூட்டத்துக்கு அவங்களயும் கூப்பிட ஆரம்பிச்சோம், ஹெச்எம் முதல்ல யோசிச்சார், அப்புறம் சரின்னுட்டார்.

இன்னொன்னு, ஸ்கூல் படம். ஏ4 பேப்பர்ல ஸ்கூல மேல இருந்து பாத்தா எப்படி இருக்குமோ அப்படி ஒரு கோட்டுப்படம், நான் கையால போட்டு ஜெராக்ஸ் எடுத்தது, கிளாஸ் ரூம், மாடிப்படி, பாத்ரூம், சைக்கிள் ஸ்டாண்ட், மைதானம், வேப்பமரம் எல்லாம் இருக்கும். போகப் பிடிக்காத இடத்துல செவப்பு, பிடிச்ச இடத்துல பச்சை அடிங்கன்னு மட்டும் சொன்னோம், ஏன்னு கேக்கல, பேர் எழுத வேண்டாம், கிளாஸும் ஆணா பொண்ணாங்கிறதும் மட்டும் போதும். பாத்ரூம் பின்பக்கமும் சைக்கிள் ஸ்டாண்டும் செவப்பா வரும்னு எங்களுக்கே தெரியும். எதிர்பாக்காதது என்னன்னா மாடிப்படித் திருப்பமும் சில கிளாஸ் ரூமோட கடைசி பெஞ்சும் அவ்வளவு செவப்பா வந்தது. ஒரு பீரியட் முடிஞ்சு அடுத்த டீச்சர் வர்றதுக்குள்ள அஞ்சு நிமிஷம் கிளாஸ்ல யாருமே இல்ல, அதுல நடக்குது எல்லாம். அப்புறம் டைம் டேபிள மாத்துனோம், பீரியட் முடிஞ்ச டீச்சர் அடுத்தவங்க வாசலுக்கு வந்த பின்னாடிதான் கிளம்பணும்னு. கேக்க ஈஸி, நடைமுறையில முதல் டீச்சருக்கும் அடுத்து கிளாஸ் இருக்கும்ல, அதனால எல்லா கிளாசுக்கும் பண்ண முடியல, செவப்பு அதிகமா வந்த ரெண்டு மூணு கிளாசுக்கு மட்டும் பண்ணோம். இன்டர்வெல் டியூட்டியும் அதே மாதிரி, மைதானத்து நடுவுல நிக்கிற டியூட்டிய எடுத்துட்டு மாடிப்படித் திருப்பத்துக்குப் போட்டோம். காசு செலவு ஜெராக்ஸ் மட்டும்தான்.

அந்தப் படத்துலதான் ஒரு பொண்ணு விஷயம் வெளிய வந்துச்சு.

ஏழாம் கிளாஸ். நல்லாப் படிக்கிற பொண்ணு. ஆறாம் கிளாஸ்ல ஒரு தடவ ப்ரேயர்ல வலிப்பு வந்து விழுந்துருக்கா, அப்ப யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்த கொண்டாந்து கையில திணிச்சிருக்காங்க, நம்ம ஊர்ல வழக்கம்தான, இரும்பு குடுத்தா நின்னுரும்னு. வலிப்பு தானா நின்னுருச்சு, சாவி நிக்கல. அன்னியில இருந்து அவ வந்தா ரெண்டு பசங்க சைக்கிள் சாவிய எடுத்து லேசா ஆட்டுவாங்க. அவ்வளவுதான். பேச்சே கிடையாது. போர்டுல கணக்குப் போட எழுந்து போறா, பின்னாடி ‘கிலுக் கிலுக்’, முன்னாடி நிக்கிற டீச்சர் காதுல விழுந்தாலும் என்னன்னு தோணாது, எனக்கே கேட்டுருக்கு, எவனோ சாவிய வெச்சு விளையாடுறான் உள்ள வைடான்னு சொல்லிருப்பேன். மத்த பிள்ளைங்களுக்கு என்ன அர்த்தம்னு தெரியும், சிரிப்பாங்க. அவ கிளாஸ்ல பதில் சொல்றத நிறுத்திட்டா, அப்புறம் தண்ணி குடிக்கப் போறதயும் நிறுத்திட்டா, குழாய்க்குப் போகணும்னா பசங்க பெஞ்ச தாண்டணும். ஏழாம் கிளாஸ் பொண்ணுங்க படத்துல ஒண்ணே ஒண்ணுல மட்டும் கிளாஸ் ரூம் முழுசும் செவப்பா இருந்துச்சு, வேப்பமரம் மட்டும் பச்சை. யாருன்னு கண்டுபிடிக்கணும்னு நாங்க போகல, அந்தக் கிளாஸ்ல எதோ இருக்குன்னு கவனிக்க ஆரம்பிச்சோம், வேப்பமரத்தடியில தனியா சாப்பிடுறது யாருன்னு பாத்தாலே போதுமே, அப்புறம் அவ ஃப்ரெண்டு ஒருத்தி சத்துணவு அக்காகிட்ட சொன்னா.

இப்ப விதிப்படி என்ன பண்றது? ‘கேலி செய்தல், பட்டப்பெயர் வைத்தல், அடித்தல்’னு லிஸ்ட் இருக்கு. சாவி ஆட்டுறது அதுல எங்க வருது? கூப்பிட்டு விசாரிச்சா பசங்க கேட்டது “சாவிய ஆட்டுனது ஒரு தப்பா டீச்சர்?” நார்வேல டான் ஓல்வியஸ்னு ஒருத்தர் 1980கள்லயே இந்தக் கேலி கொடுமைய ஆராய்ச்சி பண்ணி மூணு அடையாளம் சொல்லிருக்கார், வேணும்னே பண்றது, திரும்பத் திரும்பப் பண்றது, ஒரு பக்கம் பலம் அதிகமா இருக்குறது. ட்ரெயினிங்ல எங்கயோ கேட்டது, எனக்கு அன்னிக்குத்தான் உதவுச்சு. என்ன செயல்னு பாக்காம இந்த மூணும் இருக்கான்னு பாத்தா சாவியும் மாட்டும், ஒருத்தி உக்காந்ததும் பெஞ்ச விட்டு நகந்து உக்காருறதும் மாட்டும். எங்க ரெஜிஸ்டர்ல இப்ப செயல் எழுதுற கட்டத்துக்குப் பக்கத்துல இந்த மூணு கேள்வியும் இருக்கு.

அவ அம்மாவ வரச் சொன்னோம். அவங்க முதல் வார்த்தையே “டீச்சர், வெளிய தெரிய வேண்டாம், நாளைக்கு பொம்பளப்புள்ள” அப்படின்னாங்க. வலிப்ப பத்தி யாருக்கும் தெரியக் கூடாதுன்னு அவங்க நினைக்கிறாங்க, ஸ்கூல் முழுக்க ஏற்கனவே தெரியும், தப்புத்தப்பா தெரியும், அதுதான் பிரச்சினையே. நான் அத சொன்னேன். கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம் பொண்ணுகிட்டயே கேட்டோம் உனக்கு என்ன பண்ணா நல்லாருக்கும்னு, அவ சொன்னது ரெண்டே விஷயம், என் பேரச் சொல்லாதீங்க, அவங்கள என் முன்னாடி கூப்பிட்டு மன்னிப்பு கேக்க வெக்காதீங்க.

இந்த ரெண்டாவது ரொம்ப முக்கியம். நம்ம ஸ்கூல்ல எல்லாப் பஞ்சாயத்தும் முடியுறது “கை குடுத்துக்கோங்கடா, சாரி சொல்லு, ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா இருங்க”ன்னுதான். சமமான ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டா அது சரி. ஒருத்தன் மேல ஏறி மிதிக்கிற இடத்துல அது இன்னொரு அவமானம், அவன் சாரி சொல்றப்பவே கண்ணால ஒரு பார்வை பாப்பான், வெளிய வா பாத்துக்கிறேன்னு, அது ஹெச்எம்முக்குத் தெரியாது, அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அதனால நாங்க ரெண்டு பக்கத்தையும் ஒரே ரூம்ல உக்கார வெக்கிறதே இல்லன்னு முடிவு பண்ணோம். பசங்கள தனித்தனியா, ஒருத்தன் பேசுனது அடுத்தவனுக்குத் தெரியுறதுக்குள்ள, அடுத்தடுத்து கூப்பிட்டுப் பேசுறது. ஏன் பண்ணேன்னு கேட்டா பொய்தான் வரும். “அவளுக்கு கிளாஸ்ல கஷ்டமா இருக்கு, நீ நாளையில இருந்து என்ன பண்ணப் போற”ன்னு மட்டும் கேப்போம், அவன் வாயால ஒண்ணு சொல்லணும், அத எழுதிக்குவோம், ரெண்டு வாரம் கழிச்சு அதே பேப்பர எடுத்து வெச்சுப் பேசுவோம்.

ஃபின்லாந்துல பள்ளிகள்ல கேலி கொடுமையைத் தடுக்க ‘கிவா’ன்னு ஒரு திட்டம் இருக்கு, டுர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்குனது, அதுலயும் இப்படித்தான் தனித்தனியா பேசுறாங்க, கூடுதலா இன்னொண்ணு பண்றாங்க, கிளாஸ்ல கொஞ்சம் மதிப்பு உள்ள ரெண்டு மூணு பிள்ளைங்கள கூப்பிட்டு பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் துணையா இருக்கச் சொல்றாங்க. அத அப்படியே எடுத்துக்கிட்டோம். மதிப்புன்னா ஃபர்ஸ்ட் ரேங்க் இல்ல, அது டீச்சருக்குத்தான் மதிப்பு, பசங்களுக்கு மதிப்பு கபடி ஆடுறவனும் நல்லா சிரிக்க வெக்கிறவளும்தான். அப்படி ஒருத்திகிட்ட “சாவி சத்தம் கேட்டா நீ சிரிக்காத, அது போதும், சண்டை போட வேணாம்”னு சொன்னேன். அவ சிரிக்கலன்னா அவ பெஞ்ச் சிரிக்காது. சிரிப்பு இல்லன்னா சாவி ஆட்டுறவனுக்கு என்ன கிடைக்கும்?

அதோட எல்லா கிளாசுக்கும் பொதுவா வலிப்பு முதலுதவி வகுப்பு ஒண்ணு வெச்சோம். பள்ளிக்கு உடல் பரிசோதனைக்கு வர்ற மருத்துவக் குழுவுல இருந்த நர்ஸ் சிஸ்டரே பேசுனாங்க. இரும்பு, சாவி எதுவும் வேண்டாம், அதனால ஒண்ணும் ஆகாது, வாயில எதையும் திணிக்காதீங்க, கையக் கால அழுத்திப் பிடிக்காதீங்க, தலைக்கு அடியில எதாச்சும் மெத்துன்னு வைங்க, அடங்குனதும் ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, மணி பாருங்க, அஞ்சு நிமிஷம் தாண்டுனா 108. யார் பேரும் வரல. சிஸ்டர் ஒரு பையன தரையில படுக்க வெச்சு ஒருக்களிக்கிறது எப்படின்னு காட்டச் சொன்னாங்க, எதேச்சையா எழுந்து வந்தவன் சாவி ஆட்டுற ரெண்டு பேர்ல ஒருத்தன். அவன் அதுக்கப்புறம் நிறுத்திட்டான். இன்னொருத்தன் நிறுத்தல, அவங்கப்பாவ கூப்பிட்டா “விளையாட்டுக்குப் பண்ணுறாங்க, இதுக்கெல்லாமா வரச் சொல்றீங்க”ன்னார். சரி, அவன் தினமும் காலையில சைக்கிள் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டு சாயங்காலம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்னு ஹெச்எம் சொன்னார். அடி இல்ல, முட்டி போட வெக்கல (கல்வி உரிமைச் சட்டம் 17ஆவது பிரிவுல அடிக்கிறதும் மனசளவுல துன்புறுத்துறதும் ரெண்டுமே தடை, ஞாபகம் இருக்கட்டும்). ஆனா தினமும் எல்லாரும் பாக்க வரிசையில நின்னு சாவி வாங்குறது அவனுக்கு அலுத்துப் போச்சு.

ஆறாம் கிளாஸ்ல இன்னொரு பையன். பிறவியிலயே காது கேக்காது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல சின்ன வயசுலயே காது கேக்க உள்ள கருவி வெக்கிற காக்ளியர் ஆபரேஷன் பண்ணது, காதுக்குப் பின்னாடி மெஷின், தலையில காந்தத்துல ஒட்டுற வட்டம். அந்த வட்டத்த புடுங்கி ஜன்னல் கம்பியில ஒட்டுறது பசங்களுக்கு ஒரு விளையாட்டு, சட்டுனு ஒட்டிக்கும்ல. முதல் தடவ பண்ணது வேடிக்கைன்னு நானும் ஒத்துக்கிறேன், எல்லாப் பிள்ளைக்கும் அது என்னன்னு பாக்க ஆசை இருக்கும், அதுக்குத்தான் ஜூன் மாசமே அவங்க அம்மாவ கிளாசுக்குக் கூப்பிட்டு இது என்ன, எடுத்தா இவனுக்கு ஒரு சத்தமும் கேக்காதுன்னு காட்டச் சொல்லணும். அவன் அழுத பின்னாடியும் புடுங்குனா அது வேடிக்கை இல்ல. இன்னொண்ணு பண்ணாங்க, அவன் முன்னாடி சத்தமே இல்லாம வாய மட்டும் அசைச்சுப் பேசுறது, அவன் மெஷின் கெட்டுப்போச்சுன்னு பயந்து கழட்டி மாட்டி கழட்டி மாட்டிப் பாப்பான், சுத்தி நின்னு சிரிப்பாங்க. இத எழுதுறப்பவே எனக்கு வயிறு எரியுது.

அவங்க அம்மா நல்ல விவரம், ஒரு நோட்டுல எல்லாம் எழுதி வெச்சிருந்தாங்க, தேதி, எந்த இடம், யார் பாத்தா, வயர் அறுந்ததுக்கு எவ்வளவு ஆச்சு. ஆபரேஷன் இலவசம், அதுக்கப்புறம் பேட்டரி, வயர் எல்லாம் அவங்க கைக்காசு. அந்த நோட்டு இல்லன்னா ‘பசங்க சேட்டை’ன்னு போயிருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 92ஆவது பிரிவு இருக்கு, ஒரு மாற்றுத்திறனாளிய வேணும்னே எல்லார் முன்னாடியும் அவமானப்படுத்துனா 6 மாசத்துல இருந்து 5 வருஷம் வரைக்கும் தண்டனை. பதினோரு வயசுப் பையன் மேல கேஸ் போடணும்னு நான் சொல்லல, சின்னப் பிள்ளைங்களுக்கு சிறார் சட்டம் தனியா இருக்கு, ஆனா கூட்டத்துல அத படிச்சுக் காட்டுனதும் ‘சேட்டை’ங்கிற வார்த்தை நின்னுச்சு.

இந்த இடத்துல எங்க ஆளுங்களையும் சொல்லணும். அந்தப் பையன ஸ்டாஃப் ரூம்ல எப்படிச் சொல்லிட்டு இருந்தாங்கன்னா “அந்த காது கேக்காத பய”. கெட்ட எண்ணம் இல்ல, அடையாளத்துக்கு. ஒரு பொண்ண ‘குண்டு’, வடநாட்டுல இருந்து செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்தவங்க பையன ‘ஏ ஹிந்தி’, அந்தப் பையன் ஒடியா பேசுறவன். நோட்டு குடுக்குறப்போ அப்படிக் கூப்பிட்டா கிளாஸ் அதையே பேரா எடுத்துக்கும், பட்டப்பேர்ல பாதி டீச்சர் வெச்சதுதான், மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க டீச்சர்ஸ். ஹெச்எம் மீட்டிங்ல ஒண்ணுதான் சொன்னார், யாரையும் உடம்பு, ஊரு, மொழி, அப்பா தொழில் வெச்சு அடையாளம் சொல்லக் கூடாது, பேர் தெரியலன்னா பேரக் கேளுங்க. ஒரு சீனியர் சார் கோவிச்சுக்கிட்டார், முப்பது வருஷமா இப்படித்தான் கூப்பிடுறேன் பிள்ளைங்க என்கிட்ட பாசமாத்தான் இருக்குன்னு. இருக்கலாம். ஆனாலும் இப்ப அவரும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுறார்.

சாதி விஷயம் இதுல இருந்து தனி. அத கேலின்னு எழுதிப் பூசி மெழுகக் கூடாது. 2023 ஆகஸ்ட்ல திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும், கூடப் படிக்கிற பசங்க தொந்தரவுல ஸ்கூலுக்கே போகாம இருந்த பையன், விஷயம் வெளிய வந்து ஸ்கூல்ல புகாரும் குடுத்தாச்சு, அன்னிக்கு ராத்திரியே வீடு புகுந்து அவனையும் தங்கச்சியையும் வெட்டுனாங்க. அதுக்கப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துருவ வெச்சு ஒரு நபர் குழு போட்டு 2024 ஜூன்ல அறிக்கை வந்துச்சு, சாதி அடையாளமா கையில கட்டுற கலர் கயிறு கூடாது, பள்ளிப் பேர்ல சாதி கூடாது, இன்னும் நிறைய. எங்க ஸ்கூல்ல கயிற அவுக்கச் சொன்னோம், அவுத்தாங்க, அடுத்த வாரம் அதே கலர் சைக்கிள் ஸ்டிக்கர்ல வந்துச்சு, அத கிழிச்சா வாட்ஸப் டிபில வரும். பிரயோஜனமா இருந்தது என்னன்னா உக்காருற இடம். பேரோட அகர வரிசைப்படி உக்கார வெச்சு மாசா மாசம் சுத்தி விட்டோம், சாதிவாரியா தெரு தெருவா உக்காந்திருந்தது உடைஞ்சுது. (காது மெஷின் போட்ட பையன மட்டும் முன் வரிசையில, மெஷின் இருக்குற காது டீச்சர் பக்கம் வர்ற மாதிரி. விதிய எல்லாருக்கும் ஒரே மாதிரி போட்டா அவனுக்குத்தான் நஷ்டம்.)

நாங்குநேரியில இருந்து நான் எடுத்துக்கிட்டது வேற ஒண்ணு. ஒரு பிள்ளைக்கு ரொம்ப ஆபத்தான நாள் எதுன்னா அது வாயத் திறந்து சொன்ன நாள். நம்ம ஸ்கூல்ல அன்னிக்கு என்ன பண்ணுவோம்? பேப்பர வாங்கி வெச்சுக்கிட்டு, அந்தப் பசங்கள உடனே கூப்பிட்டுத் திட்டிட்டு, நாலரைக்கு பெல் அடிச்சு எல்லாரையும் ஒண்ணா வெளிய அனுப்பிருவோம். இப்ப எங்க ரெஜிஸ்டர்ல புகார் எழுதுற பக்கத்துல ஒரு வரி கூடுதலா இருக்கு: இன்று இந்த மாணவர் வீட்டுக்கு எப்படிப் போகிறார், யாருடன். அத நிரப்பாம அந்தப் பக்கத்துல ஹெச்எம் கையெழுத்து போட மாட்டார். வீட்ல இருந்து யாரையாவது வரச் சொல்றது, இல்ல டீச்சர் ஒருத்தர் கூடப் போறது, புகாருக்கு ஆளான பசங்க வீட்டுக்கும் அன்னிக்கே தகவல் சொல்லி இனிமே எதாவது நடந்தா என்ன ஆகும்னு தெளிவாச் சொல்றது. சாதிப் பேர் சொல்லித் திட்டுனது, மிரட்டுனதுன்னா ஸ்கூலுக்குள்ள முடிச்சுக்கப் பாக்கவே கூடாது, மேல சொல்லியே ஆகணும்.

பெத்தவங்க இத படிச்சா உங்களுக்கு ரெண்டு மூணு. கேட்ல நின்னு அந்தப் பையன நீங்களே மிரட்டாதீங்க, அப்புறம் பிரச்சினை உங்க மேல திரும்பி உங்க பிள்ளை விஷயம் அமுங்கிப் போகும். வாயால சொல்லாம எழுதிக் குடுங்க, ஒரு நகல்ல தேதியோட கையெழுத்து வாங்குங்க, அதுல “யாரு பாப்பாங்க, எப்ப எனக்குச் சொல்லுவீங்க”ன்னு கேட்டு வைங்க. பதில் இல்லன்னா பள்ளி மேலாண்மைக் குழு இருக்கு, அதுல முக்கால்வாசி பேர் உங்கள மாதிரி பெத்தவங்கதான், பாதிப்பேர் பொம்பளைங்க, அங்க பேசுங்க. 14417ல சொன்னா பதிவாகும், ஆபத்துன்னு தோணுனா 1098. டிசி வாங்கிட்டு வேற ஸ்கூல் போறது கடைசி வழியா இருக்கட்டும், பல வீட்ல அதத்தான் முதல்ல பண்றாங்க, அப்படிப் பண்ணா போறது உங்க பிள்ளை, இருக்குறது அவன். பிள்ளைகிட்ட “யார் அடிச்சா”ன்னு கேட்டா ஒண்ணும் வராது, “இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்து சாப்பிட்ட”ன்னு கேளுங்க, தினமும் தனியான்னு வந்தா ஸ்கூலுக்கு ஒரு தடவ வந்து பாருங்க.

இவ்வளவும் காம்பவுண்ட் சுவருக்குள்ள. எங்களால இன்னும் ஒண்ணும் பண்ண முடியாத இடம் பஸ். காலையில வர்ற டவுன் பஸ்ல எங்க பிள்ளைங்களோட பக்கத்து மேல்நிலைப்பள்ளிப் பசங்களும் வர்றாங்க, அங்க எங்க ரெஜிஸ்டர் செல்லாது. அந்த வலிப்பு வர்ற பொண்ணு விஷயம் எப்படியோ அங்கயும் போய், பஸ்ல சாவி சத்தம் இருக்குன்னு அவ ஃப்ரெண்டு சொன்னா. அந்த ஸ்கூல் ஹெச்எம்கிட்ட எங்க ஹெச்எம் பேசுனார், பாக்குறேன்னு சொல்லிருக்கார். பள்ளி மேலாண்மைக் குழுவுல தீர்மானம் போட்டு டெப்போ மேனேஜருக்கு லெட்டர் குடுத்தோம், அந்த நேரத்துக்கு இன்னொரு பஸ் விடச் சொல்லி, பதில் வரல. கண்டக்டர் அண்ணன்கிட்ட நானே ஒரு நாள் ஏறிப் பேசுனேன், முன் பக்கம் லேடீஸ் சீட்ல ஆறாவது ஏழாவது பொண்ணுங்கள உக்கார வெக்கிறேன்னார், அவர் டியூட்டியில இருக்குற வாரம் அப்படியே நடக்குது. அவர் ஷிஃப்ட் மாறுற வாரத்துல அவ அம்மா அவள டிவிஎஸ்ல கொண்டாந்து விடுறாங்க, அன்னிக்கு அவங்களுக்கு அரை நாள் கூலி போகுது. அடுத்த கூட்டத்துல மறுபடியும் டெப்போ லெட்டரத்தான் முதல் பொருளா வெச்சிருக்கோம்.